கத்தி கேட்ட குரல்

மச்சி,

இன்று காலை கலியாண உடுப்புக்கு அளவு கொடுக்க ஒரு பிள்ளையும் அவளுடைய உம்மாவும் வந்தார்கள். தையல் அறைக்குள் கால் வைத்ததும் உம்மாக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "என்ன ராத்தா, ஆட்டு மணம் அடிக்கிது?" என்றாள். அவள் பூசி வந்த அத்தரில் எனக்குத் தலை இடித்துக்கொண்டிருந்தது. நான் அதைச் சொன்னேனா? "ஓம், ஆடு உள்ளுக்குத்தான் கிடக்கி. உங்களுக்கு முன்னமே வந்திட்டு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அதுக்கு அத்தர் ஒத்துக்காது" என்றேன்.

உங்கள் ஆடு சீனி, தையல் மெசினுக்குக் கீழே படுத்து ஒரு லைனிங் துண்டை மென்றுகொண்டிருந்தது. அதன் மணம் இப்போது என் உடுப்பிலும் இருக்கிறது, தலையணையிலும் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். நான் கழுவவில்லை. உங்கள் வீட்டு வளவுக் கடப்பைத் திறந்ததும் உங்களுக்கு முன்னால் வந்து என்னை வரவேற்கும் மணம் அது. நீங்கள் கண்ணை மூடி, உங்கள் நாற்பதாம் நாளும் முடிந்து ஆறு நாளாகிறது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

உங்கள் மூத்த சகோதரனை, உங்கள் காக்காவைக் கட்டியதால் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சாமான் நீங்கள்தான். இதை நான் அவருக்கு முன்னாலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். சாய்ந்தமருதில் எத்தனை நாத்தனார்கள், எத்தனை மச்சிமார். அத்தனை பேரும் ஒருவரையொருவர் அரைத்துக் குடிக்கிறபோது நாம் இருவரும் சேர்ந்து மற்றவர்களை அரைத்தோம். அசர் தொழுதுவிட்டு உங்கள் குசினி வாசலில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால், மஃரிபுக்கு பாங்கு சொல்வதற்குள் இந்தத் தெருவில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். உங்கள் நாக்கு சவரக் கத்தி, என்னுடையது கத்தரிக்கோல். அதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பழக்கத்தோடுதான் கல்முனை வகுப்புக்கும் போனோம். உங்கள் கறுத்தப் பூனை தொண்டையில் மீன்முள் சிக்கிச் செத்துப்போய் ஒரு மாதம் இருக்கும். அதற்கு ஊர் செய்த வைத்தியத்தை நான் மறக்கவில்லை. ஒருவர் சோற்று உருண்டை திணித்தார், ஒருவர் வாலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினார், ஒருவர் நின்று போனில் படம் எடுத்தார். நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்டும் தெரியாமப் போச்சே மச்சி" என்று மட்டும் சொன்னீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு வீட்டு மிருகங்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்.

வேடிக்கைக்குக் குறைவே இல்லை. கடைத்தெரு மண்டபமொன்றின் மேல்மாடி. இருபது பேரளவில் வந்திருந்தோம். அதில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கிடையாது. சோற்றுப் பார்சலுக்கும் சான்றிதழுக்கும் வந்தவர்கள். வெளியூரிலிருந்து வந்த மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போன்ற தமிழில் மெல்லமெல்லப் பேசினார். மேசையில் பஞ்சு அடைத்த ஒரு மண்ணிறப் பொம்மை நாயைப் படுக்க வைத்தார். அதற்குச் சிவப்புத் துணியில் நாக்குத் தைத்திருந்தது. தையல் மோசம்.

"ஒவ்வொருவராக வந்து அழுத்திப் பாருங்கள்" என்று அவர் சொன்னதும் முன்வரிசை முழுவதும் கதிரையோடு பின்னால் நகர்ந்தது. நம் பின்வீட்டுச் சுபைதா எழும்பிக் கேட்டாள்: "டொக்டர், நாய்ட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணால. இஞ்ச மண் இரிக்கா?" டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, இது பஞ்சு" என்றார். சுபைதா அதைக் காதில் வாங்காமல் கீழே இறங்கிப்போய், யாருடைய கடை வாசல் பூச்சாடியிலிருந்தோ ஒரு பொலித்தீன் பை நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்து குழாயடியில் வைத்தாள். மற்றவர்களுக்கும் அப்போதுதான் நிம்மதி வந்தது. மார்க்கம் சொன்னது உயிருள்ள நாய்க்கு; நம் ஆட்கள் பஞ்சு நாய்க்கும் சேர்த்துப் பேணிக்கொண்டார்கள்.

நீங்கள்தான் முதலில் எழும்பினீர்கள். பொம்மையை வலப்பக்கம் சாய்த்து, முன்னங்காலின் முட்டி நெஞ்சைத் தொடும் இடத்தில் கையை வைத்து அமுக்கினீர்கள். பிறகு அதன் வாயை இறுக்கிப் பொத்தி, மூக்கில் வாயை வைத்து ஊதினீர்கள். மண்டபம் முழுக்க "யா அல்லாஹ்" என்று ஒரு குரல். நீங்கள் நிமிர்ந்து உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "பஞ்சுல எச்சில் இல்ல. எச்சில் எல்லாம் உங்கட நாக்குலதான் கிடக்கி." அந்தக் கதையை நான் ஒரு வருடம் வீட்டுக்கு வீடு சொல்லித் திரிந்தேன். சுபைதாவின் மண் பையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. முப்பது தரம் அமுக்க வேண்டும், இரண்டு தரம் ஊத வேண்டும், மறுபடி முப்பது. இதுதான் கணக்கு. ஆனால் எங்களில் ஒருத்தியாலும் முப்பதில் நிறுத்த முடியவில்லை. எல்லோருடைய கையும் முப்பத்து மூன்றில்தான் நின்றது. தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் ஓதி ஓதி விரலுக்கு ஊறிப்போன எண். டொக்டர் "முப்பது, முப்பது" என்று கெஞ்சினார். மதியத்துக்குப் பிறகு அவர் கெஞ்சுவதை விட்டுவிட்டார். "நிறுத்தாமல் அழுத்துகிறீர்களே, அது போதும்" என்றார்.

என் முறை வந்தபோது நான் சிரித்துக்கொண்டே நாலு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கும் சான்றிதழ் தந்தார்கள், லேமினேட் செய்து. அதன் ஓரம் நேராக இருந்ததால் துணியில் சோக் கோடு போடப் பயன்பட்டது. நீங்கள் உங்களுடையதைக் குசினிச் சுவரில், பள்ளிவாசல் கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினீர்கள். என் வெட்டுத்துணியெல்லாம் கேட்டு வாங்கி, சாக்கில் அடைத்து, தலையும் மூக்கும் வைத்து ஓர் உருப்படி தைத்துக்கொண்டீர்கள். பின்னேரங்களில் ஊரை அரைத்தபடியே அதை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். அப்போது குட்டியாக இருந்த சீனி பக்கத்தில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த ஊரில் ஆடு இரண்டு வகை: அறுத்தது, இன்னும் அறுக்காதது. தாய் செத்துப்போன குட்டியைப் பால் போத்தல் கொடுத்து வளர்த்து, பெயர் வைத்து, கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய உங்களை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் யாராவது வந்து, "இந்த முறை குர்பானுக்குக் குடுக்கிறதா?" என்று கேட்பார்கள். "உங்கட மகளக் குடுக்கிறீங்களா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும். இத்தனை பக்கம் மற்றவர்களை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தது, இந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால். சீனி கயிற்றோடு தென்னையைச் சுற்றிச் சுற்றிப்போய்க் கழுத்து இறுகிக் கிடந்தது. நீங்கள் போட்ட சத்தத்துக்கு முழுத் தெருவும் வளவுக்குள் வந்துவிட்டது. நீங்கள் கயிற்றை அவிழ்த்து அதைக் கிடத்தினீர்கள். நாக்கு வெளியே தொங்கியது. வயிறு ஏறி இறங்கவில்லை. நீங்கள் குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது:

"கத்தியக் கொண்டாங்க! உசிர் இரிக்கக்குள்ள அறுத்திடுவம், மௌத்தாப் போனா ஹறாமாப் போயிரும்!"

எங்கள் ஊரின் முதலுதவி அதுதான், மச்சி. பூனைக்குச் சோற்று உருண்டை, ஆட்டுக்குக் கத்தி. தானாகச் செத்ததைத் தின்னக் கூடாது, வீணாக்காதீர்கள் என்றுதான் மார்க்கம் சொன்னது. ஆனால் அந்தக் குரலில் மார்க்கம் இல்லை, இறைச்சிச் சட்டி இருந்தது.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சீனியின் நாக்கை ஒதுக்கி, வாயைப் பொத்தி, மூக்கில் ஊதினீர்கள். பிறகு அமுக்கினீர்கள். சத்தமாக எண்ணினீர்கள். முப்பத்து மூன்று வரைக்கும். மறுபடி ஊதினீர்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ "ஆட்டுக்கு முத்தம் குடுக்கிறா" என்றார்கள். மூன்றாவது சுற்றா நான்காவது சுற்றா தெரியவில்லை. சீனி ஒரு தும்மல் போட்டது. பிறகு கால் உதறியது. பிறகு குட்டியாய் இருந்தபோது கத்தியது போல ஒரு தரம் கத்தியது. முகம் முழுக்க ஆட்டு நுரையோடு நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"ஆரு கத்தி கேட்டது?"

வேலிக் கடப்பில் சுபைதா நின்றாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், குரல் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். அவள் கையில் கத்தி இருந்தது. எல்லோருடைய கண்ணும் அவளிடம் போனது. உங்கள் கண்ணும் போனது. அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். நான் குனிந்து ஆட்டைத் தடவத் தொடங்கினேன்.

கத்தி கேட்டது நான்தான், மச்சி.

ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. உங்களோடு வகுப்பில் இருந்தவள், மற்றவர்களுக்கு விளங்காத விசயம் எனக்கு விளங்கும் என்று நம்பியவள். ஆனால் நெஞ்சு நின்றுபோன ஓர் உயிரைக் கண்டதும் என் வாயில் வந்தது அந்த ஊர்தான், நான் அரைத்துக் குடித்த அதே ஊர். அதைவிடக் கேவலம் பிறகு செய்தது. "கத்திக்காரி" என்று சுபைதாவுக்குப் பட்டம் வைத்தவள் நான். நீங்கள் சிரித்தீர்கள், அது நிலைத்துவிட்டது. ஆறு வருடம் நீங்கள் அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பெருநாளைக்கு அவள் வீட்டிலிருந்து வரும் வட்டிலப்பத்தை நீங்கள் தொடமாட்டீர்கள். "கோழிக்குப் போடுங்க மச்சி" என்பீர்கள். நான் எடுத்துப்போய்க் கொட்டுவேன். கோப்பையைக் கழுவி வேலிக்கு மேலால் நீட்டுவேன். அவள் வாங்கிக்கொள்வாள். அடுத்த பெருநாளைக்கு மறுபடியும் கொடுத்தனுப்புவாள். "எவ்வளவு சூடு சொரணை இல்லாத பொம்புள" என்று நாம் அதையும் பேசினோம்.

நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தீர்கள், திங்கட்கிழமை போய்விட்டீர்கள். அந்த மூன்று நாளும் உங்கள் வாய் கோணிப்போய்ப் பேச்சு வரவில்லை. நான் கட்டிலருகே இருந்து எத்தனையோ கதை சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. உங்களுக்குத் திருப்பித் திட்ட முடியாத நேரத்தில்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. என்னைப் பற்றி இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

உங்களைக் குளிப்பாட்டும்போது நாலு பெண்கள் நின்றோம். உங்கள் தலையைத் தாங்கிப் பிடித்தது சுபைதா. தண்ணீர் ஊற்றும்போது உங்கள் காதுக்குள் போகாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். மையித்துக்குக் காது நோகுமா என்று வேறு நாளாயிருந்தால் அதையும் ஒரு கதையாக்கியிருப்பேன்.

பிறகு உங்கள் காக்கா தொடங்கினார். "தங்கச்சிட நாப்பதுக்குத் தங்கச்சிட ஆட்டையே அறுப்பம். அவட நன்மைக்குத்தானே" என்றார். வந்திருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது. மௌத்தானவர்களுக்குக் கத்தம் ஓதிச் சோறு போடக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி வாசலில் நின்று வாதாடுகிற உங்கள் பெரியப்பா மகன்கூட, "அறுக்கிறது நல்லம்" என்றான். அவனை எனக்குத் தெரியும். ஓதும்போது வரமாட்டான், சோறு வைக்கும்போது முதல் சஹன் தட்டைச் சுற்றி இருப்பான். சீனிக்கு வயதாகிவிட்டது, பல் விழத் தொடங்கிவிட்டது, இறைச்சி வேகாது என்று சொல்லிப் பார்த்தேன். "கூட நேரம் அவிச்சா வேகும்" என்றார் உங்கள் காக்கா. இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். அதற்கு மேல் என் நாக்கு எழவில்லை. ஊரைக் கிழிக்கும் நாக்கு வீட்டுக்குள் மடங்கிப்போய்விடும்.

நாற்பதன்று காலை அறுக்கிறவர் வந்தார். சீனியை அதே தென்னையில் கட்டியிருந்தார்கள். அதே கூட்டம். அதே வேலிக் கடப்பில் சுபைதா, கையில் ஒரு கட்டுப் பலா இலை. அறுக்கப்போகும் ஆட்டுக்கு என்னத்துக்கு இலை என்று யாரோ கேட்டார்கள். "பசியோட அறுக்கிறதா?" என்று மட்டும் சொன்னாள். அறுக்கிறவர் கத்தியை எடுத்து விரலால் கூர் பார்த்தார்.

"கத்திய வைங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் அன்றைக்கு எவ்வளவு உரக்க வந்ததோ அவ்வளவு உரக்க வந்தது. எனக்கே கேட்டது அது அதே குரல்தான் என்று.

"அண்டைக்கு இந்த ஆடு செத்துக் கிடக்கக்குள்ள கத்தி கேட்டது நான். சுபைதா இல்ல. நான். என்ட மச்சி அதுக்கு மூக்குல வாய வெச்சு ஊதி உசிரக் கொண்டாந்தா. இதுக்குள்ள ஓடுறது உங்கட தங்கச்சி ஊதின மூச்சு. அதத் திங்க ஏலுமெண்டா அறுங்க."

உங்கள் காக்கா என்னைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். சீனி அதைப்பற்றி ஒன்றும் கவலைப்படாமல் சுபைதாவின் கையிலிருந்த இலையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அறுக்கிறவரிடம், "கோழி பிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உங்கள் மௌத்துக்குப் பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான். கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். உங்கள் பெரியப்பா மகன், "கோழியா?" என்று கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது.

சுபைதாவிடம் போனேன். அவளே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் ராத்தா. உங்கட குரல் எனக்குத் தெரியாதா? நீங்க கேட்டுத்தானே கத்தியக் கொண்டு ஓடி வந்தன்."

"அப்ப ஏன் ஒரு நாளும் சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்" என்றாள். குத்திக்காட்டாமல்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியும்.

அன்றே சீனியை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதிலிருந்து தினமும் காலையில் இலை கொண்டு வருகிறாள். நேற்று சாக்கு உருப்படியை எடுத்து வைத்துக்கொண்டு, எப்படி அமுக்குவது என்று என்னிடம் கேட்டாள். நாலு தட்டுத் தட்டிவிட்டு வந்தவளிடம் கேட்கிறாள் பாருங்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கள் கையை நினைத்து நினைத்துக் காட்டிக் கொடுத்தேன். முப்பதில் நிறுத்து என்றேன். முப்பத்து மூன்றில் நின்றாள். இரவில் படுக்குமுன் சீனியின் முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் நான் எண்ணினால் முப்பத்து மூன்றில்தான் நிற்கும்.

உங்களுக்கும் என் குரல் தெரியும்தானே, மச்சி? இருபத்தைந்து வருடம் கேட்ட குரல். ஆட்டின் நெஞ்சில் ஒரு காதை வைத்திருந்தீர்கள், மற்றக் காது சும்மாதான் இருந்தது. தெரிந்துகொண்டுதான் "ஆரு கத்தி கேட்டது" என்று கேட்டீர்களா? தெரிந்தும் என்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவளைப் பிடித்துக்கொண்டீர்களா? அப்படியென்றால் உங்களையும் திட்டவேண்டும். அதை நான் வந்து நேரில் திட்டிக்கொள்கிறேன்.

இன்று அந்த மூக்கைப் பொத்திய உம்மாவும் மகளும் போனபிறகு, சுபைதா இலைக்கட்டோடு ஒரு மூடின கோப்பையும் கொண்டு வந்தாள். பெருநாள் ஒன்றும் இல்லை, சும்மா செய்தேன் என்றாள். பழக்கத்தில் என் கால் கோழிக்கூட்டுப் பக்கம் இரண்டடி போய்விட்டது. பிறகு மெசினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். வட்டிலப்பம் நன்றாக இருந்தது, மச்சி. ஆறு வருடமும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.